டெபியன் கேட்கும் இரண்டு பெயர்கள்: உங்களுக்கு என்ன நடந்தது?

டெபியன் லினக்ஸை நிறுவும்போது அதன் இன்ஸ்டாலர் முதலில் ஹோஸ்ட்நேம் (கணினியின் பெயர்) கேட்கும், அடுத்து டொமைன் நேம் (அது இருக்கும் நெட்வொர்க்கின் பெயர்). முதல் பெட்டியில் ‘டெபியன்’ என்று தானே நிரப்பி வைத்திருக்கும். இரண்டாவதில்தான் எல்லோரும் முழிக்கிறோம். வீட்டுக் கணினிக்கு ஏது டொமைன்? காலியாக விட்டு என்டர் தட்டுங்கள், குடிமுழுகிப் போகாது. ஏதாவது போட்டே தீரவேண்டும் என்றால் ‘ஹோம் டாட் ஆர்ப்பா’ இருக்கிறது. வீட்டு நெட்வொர்க்குக்கென்றே 2018-இல் ஒதுக்கியது. ‘டாட் லோக்கல்’ மட்டும் வேண்டாம்.

நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் விண்டோஸ் சர்வர் காலத்திலிருந்தே டொமைன் டாட் லோக்கலில்தான் முடியும். அங்கே ஒரு லினக்ஸ் டெஸ்க்டாப் வைத்தோம். ஃபைல் சர்வரின் பெயரை, முகவரி தேடித் தரும் என்எஸ்லுக்கப் கட்டளையில் கொடுத்தால் ஐபி முகவரி டக்கென்று வருகிறது. அதே பெயருக்கு பிங் (எதிர்க் கணினி பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்தால் அப்படி ஒரு பெயரே இல்லை என்கிறது! கேபிளை மாற்று, ரூட்டரை அணைத்துப் போடு என்று ஆளுக்கொரு யோசனை. விஷயம் ஈடிசி அடைவில் இருக்கும் என்எஸ்ஸ்விட்ச் கோப்பில் இருந்தது. ஒரு பெயரின் முகவரியை யாரிடம் எந்த வரிசையில் கேட்பது என்று சொல்லும் கோப்பு அது. அதில் ஹோஸ்ட்ஸ் வரியில் டிஎன்எஸ்ஸுக்கு (பெயருக்கு முகவரி சொல்லும் சர்வர்) முன்னால் எம்டிஎன்எஸ் (சர்வர் இல்லாமல் அதே நெட்வொர்க்கில் உள்ள கணினிகளிடமே கேட்கும் முறை) நிற்கிறது. பெயர் டாட் லோக்கல் என்று முடிந்தால், எம்டிஎன்எஸ் வேலையைச் செய்யும் அவாஹி நிரலிடம் மட்டும் கேட்கும். அப்படி ஒரு பெயர் இல்லை என்று அவாஹி சொன்னால் அங்கேயே கதவைச் சாத்திவிடும். என்எஸ்லுக்கப் இந்தக் கோப்பைச் சட்டை செய்யாமல் நேரே டிஎன்எஸ்ஸிடம் போகிறது, அதனால் அதற்கு மட்டும் பதில். அந்த வரியில் டிஎன்எஸ்ஸை முன்னால் நகர்த்தியதும் பிங் ஓடியது. பழைய கதைதான், இப்போதைய பதிப்புகள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கின்றன. ஆனாலும் டாட் லோக்கல் 2013-இலேயே எம்டிஎன்எஸ்ஸுக்கு என்று எழுதி வைத்த பெயர். அதில் நாம் போய் ஏன் குடியேற வேண்டும்?

* * *

அண்ணா, எனக்கு டொமைனால் வம்பு வந்ததில்லை, ஹோஸ்ட்நேமால்தான். ஹோஸ்ட்நேம்சிடிஎல் கட்டளையில் பெயரை மாற்றினேன். அப்புறம் ஒவ்வொரு சுடோவுக்கும் (நிர்வாகி உரிமையில் ஓட்டும் கட்டளை) கொஞ்சம் யோசித்துவிட்டு, ‘ஹோஸ்ட் பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று முனகிவிட்டுத்தான் வேலை செய்யும். எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று கணினியிலேயே எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்தால் 127.0.1.1 வரியில் பழைய பெயர் அப்படியே உட்கார்ந்திருந்தது. அந்தக் கட்டளை இந்தக் கோப்பைத் தொடுவதில்லை. வரியைத் திருத்தினேன், சரியாகிவிட்டது. டொமைன் வைத்திருப்பவர்கள் அந்த வரியில் டொமைனோடு சேர்ந்த முழுப்பெயரை முதலில் எழுதி, குறும்பெயரைப் பின்னால் போடுங்கள். 127.0.0.1 லோக்கல்ஹோஸ்டுக்கு (கணினி தன்னையே அழைக்கும் பெயர்) உரியது, அதில் கை வைக்க வேண்டாம்.

* * *

கிளவுட் சர்வரில் இதைவிடக் கூத்து. பெயரை மாற்றுவோம், ஹோஸ்ட்ஸ் கோப்பையும் திருத்துவோம், ரீபூட் ஆனதும் பழைய பெயரே வந்து நிற்கும். கிளவுட் சர்வர் பூட் ஆகும்போது அதன் அமைப்புகளைப் போடும் கிளவுட்-இனிட் நிரல் செய்கிற வேலை அது. அதன் அமைப்புக் கோப்பில் ‘ப்ரிசர்வ் ஹோஸ்ட்நேம்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்கினால் விட்டுவிடும். ஹோஸ்ட்ஸ் கோப்பும் பழையபடி திரும்பினால் ‘மேனேஜ் ஈடிசி ஹோஸ்ட்ஸ்’ வரியையும் பாருங்கள்.

ஹோஸ்ட்நேமில் அடிக்கோடு போட்டால் டெபியன் இன்ஸ்டாலர் ஏன் ஏற்கவில்லை என்று எங்கள் ஆபீஸில் ஒரு தம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். எழுத்து, எண், நடுவில் சிறு கோடு, அவ்வளவுதான் அனுமதி. 63 எழுத்துக்கு மேல் போகவும் கூடாது. அத்தனை நீளத்துக்கு யார் வைக்கப்போகிறார்கள்?