அஞ்சலையம்மாள் நாவலை நானே அச்சிடப் போகிறேன், எவ்வளவு கற்பனை சேர்க்கலாம்?

கெடிலக்கரை:
கடலூர் முதுநகர் பக்கம் என் வீடு. விடுதலைப் போராட்டத் தியாகி அஞ்சலையம்மாளை வைத்து எழுதிய நாவல் முடிகிற நிலையில் இருக்கிறது, ஆங்கிலேயப் படைத் தளபதி நீலின் சிலையை அகற்றச் சொல்லிச் சென்னையில் நடந்த 1927 நீல் சிலைப் போராட்டத்தில் தொடங்கி 1937-ல் தேர்தலில் ஜெயித்துச் சட்டசபைக்குப் போகிற வரைக்கும். ஒரு பதிப்பகத்தில் கேட்டேன், செலவு முழுக்க உங்களுடையது என்றார்கள். அப்படியென்றால் நானே போட்டுக்கொள்கிறேனே! இரண்டு குழப்பம். வாரிசுகளிடம் அனுமதி வாங்கியே ஆக வேண்டுமா? அப்புறம், அவரும் கணவர் முருகப்பாவும் வீட்டுச் செலவுக்காகச் சண்டை போடுவதாக ஓர் அத்தியாயம் இருக்கிறது, அது முழுக்க என் கற்பனை. படித்துப் பார்த்த ஒருவர் “தியாகியை இப்படியா எழுதுவது” என்று முகம் சுளித்தார். பேசாமல் பெயரை மாற்றிவிடலாமா?

மஞ்சக்குப்பம் கோர்ட்டு ரோடு:
பெயரை மாற்றாதீங்க. மாற்றினாலும் கடலூரில் யாருக்குத் தெரியாமல் போகும்? பொது ஆவணத்தில் இருக்கும் வாழ்க்கையை எழுத யார் அனுமதியும் வேண்டாம். 1994-ல் ஆட்டோ சங்கர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது அதுதான். ஆனால் இறந்தவர் மீதும் அவதூறு வரும், குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால். முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தில் 499-ஆம் பிரிவு, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 356. புருஷன் பெண்டாட்டி காசுச் சண்டையெல்லாம் அதில் வராது, பயப்படாதீங்க.

அவர் எழுத்தை எடுத்துப் போடுவதாக இருந்தால் கவனம். அவர் இறந்தது 1961, அதனால் அவர் இருக்கும்போதே அச்சில் வந்ததற்குக் காப்புரிமை 2021 முடிவோடு தீர்ந்தது. அச்சுக்கு வராமல் குடும்பத்தில் இருக்கும் கடிதம் என்றால் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும். சட்டம் எப்படியோ, ஒரு தடவை நேரில் போய் விஷயத்தைச் சொல்லிவிட்டு வாங்க, அதுதான் மரியாதை.

உப்பளம் வாசகன்:
நான் புதுச்சேரிக்காரன், எனக்கு இதே தலைவலி பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் மனைவி ழான் அம்மையாரிடம், அவரை வைத்துத்தான் நாவல் எழுதுகிறேன். 1706-ல் இங்கேயே பிறந்தவர், தமிழ் பேசுவார், கவர்னர் மனைவியாக இருந்துகொண்டு நவாபுகளோடு கடிதப் போக்குவரத்தே நடத்தினார். அவரைப் பற்றி எதைத் தேடினாலும் கடைசியில் துய்ப்ளேக்சின் துபாஷ் (மொழிபெயர்ப்பாளர்) ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பில்தான் போய் நிற்கிறோம், பிள்ளைக்கோ அவரைக் கண்டாலே ஆகாது. 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரர்கள் வேதபுரீசுவரர் கோயிலை இடித்ததை எழுதும் இடத்தில் அந்தக் கோபம் பக்கம் பக்கமாக இருக்கிறது. அதை அப்படியே உண்மை என்று எடுத்தால் நாவலில் ஒரு வில்லிதான் கிடைப்பாள். அதனால் பிள்ளையையே ஒரு பாத்திரமாக்கிவிட்டேன். ‘மதாம்’ என்று அவர் எரிச்சலோடு எழுதுவதைத்தான் வாசகர் பார்ப்பார், அந்த அம்மாளின் மனசுக்குள் நான் போகவில்லை.

உங்களுக்கும் அப்படி ஒரு ஆள் இருக்கிறாளே அக்கா, மகள் அம்மாக்கண்ணு! அம்மாவோடு சிலைப் போராட்டத்துக்குப் போய்ப் பிடிபட்ட சின்னப் பெண், பிறகு காந்தி வார்தாவுக்கு அழைத்துப் போய் லீலாவதி என்று பெயர் வைத்தவள். அந்தச் சண்டை திண்ணையில் படுத்திருக்கும் இந்தப் பெண்ணின் காதில் பாதியும் பாதியுமாக விழட்டும். ‘வீட்டை வித்துட்டு?’ என்று ஒரு குரல், அப்புறம் பாத்திரம் வைக்கிற சத்தம், அவ்வளவு போதும். யார் சொன்னது சரி என்று நீங்கள் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை, முகம் சுளிக்கிறவருக்கும் பிடி கிடைக்காது.

இன்னொன்று, அஞ்சலையம்மாள் புர்கா போட்டுக் குதிரை வண்டியில் காந்தியைப் பார்க்க வந்த கதையைத் தயவுசெய்து முதல் பக்கத்தில் வைக்காதீங்க. விஜய் கட்சியின் விக்கிரவாண்டி மாநாட்டில் அவருக்குக் கட்அவுட் வைத்த பிறகு எல்லாரும் அதையேதான் சொல்கிறார்கள்.

புரூஃப் பார்ப்பவன்:
அச்சு விஷயம் மட்டும் சொல்கிறேன். புத்தகத்துக்கான ஐ.எஸ்.பி.என். அடையாள எண் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் ஏஜென்சி தளத்தில் தனி ஆளாகவே விண்ணப்பிக்கலாம். அதற்குக் காசு கேட்கிறவரிடம் மற்றதையும் கொடுக்காதீங்க. முதல் பதிப்பைத் தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் போடுங்க, பிரதி ஒன்றுக்கு விலை கூடத்தான், ஆனால் கட்டுக் கட்டாகப் பரணில் ஏற்ற வேண்டியதில்லை. பழைய எழுத்துருவில் தட்டியிருந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வரி வரியாகப் படிங்க, ‘கொ’வில் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று பிரிந்து கிடக்கும். கிண்டிலுக்குப் போகும்போது இதுதான் பெரிய தொல்லை. புத்தகம் வந்ததும் சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும் பிரதி அனுப்ப வேண்டும், 1954 சட்டப்படி அது பதிப்பாளர் கடமை, இங்கே பதிப்பாளர் நீங்கள்தான்.

கெடிலக்கரை:
திண்ணை யோசனை பிடித்திருக்கிறது தம்பி, ஆனால் அம்மாக்கண்ணு வார்தா போன பிறகு வரும் அத்தியாயங்களை யார் கண்ணால் சொல்வது? வேலூர் சிறையில் இருக்கும்போது கர்ப்பம், பிரசவத்துக்கு வெளியே விட்டு, கைக்குழந்தையோடு மறுபடி உள்ளே போகிறார். அங்கே மகள் இல்லை.

உப்பளம் வாசகன்:
சிறையில் கூட இருந்த ஒரு பெண்ணை நீங்களே உண்டாக்குங்க. கதர் கட்டாத, காந்தி யாரென்றே தெரியாத, திருட்டு வழக்கில் வந்தவள். அவள் கற்பனை என்று முன்னுரையில் ஒரு வரி போட்டால் போதும். நீல் சிலையை மவுண்ட் ரோட்டிலிருந்து எடுத்ததும் அதே 1937-ல்தான், அதைக் கடைசி அத்தியாயத்தில் சேர்த்துவிட்டீங்களா?