வயதான காலத்தில் சேர்ந்து வாழ நிலம் பார்க்கிறோம், வழி சொல்லுங்கள்

வணக்கம். நாங்கள் ஆறு குடும்பம், எல்லோரும் அறுபதை ஒட்டியவர்கள். கோவையில் தொண்டாமுத்தூர் பக்கம் சேர்ந்து நிலம் வாங்கி, ஆளுக்கொரு சின்ன வீடும் நடுவில் பொதுச் சமையலறையும் கட்டலாம் என்று இருக்கிறோம்.

போன மார்கழியில் எங்கள் தோழி ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். காலை ஒன்பது மணி ஆகியும் பால் பாக்கெட் கதவில் மாட்டிய பையிலேயே கிடப்பதைப் பார்த்து எதிர்வீட்டு அம்மா கதவைத் தட்டியதால்தான் பிழைத்தார். அன்றிலிருந்து இந்தப் பேச்சை நாங்கள் விடவே இல்லை.

கோவையில் முதியோர் குடியிருப்புகள் நிறைய உண்டு. நாலைந்து போய்ப் பார்த்தோம். வசதிக்குக் குறைவில்லை. ஆனால் யாரோடு வாழ்வது, என்ன சமைப்பது என்பதை நாங்களே முடிவு செய்ய ஆசைப்படுகிறோம். லண்டன் பார்னெட்டில் ஐம்பதைக் கடந்த பெண்கள் இப்படித்தான் 1998இல் கூடிப் பேசத் தொடங்கி, 2016இல் 25 வீடுகளில் குடியேறினார்கள். அவ்வளவு காலம் எங்களிடம் இல்லை.

நிலத்தை ஆறு பேர் பெயரில் பிரிபடாத பாகமாக, அதாவது இன்ன இடம் இன்னாருக்கு என்று பிரிக்காமல் ஆளுக்கொரு பங்காகப் பதிவதா, 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சங்கம் பதிந்து அதன் பெயரில் வாங்குவதா? ஒருவர் காலமான பின் வாரிசுகள் வெளியாருக்கு விற்க நினைத்தால்? மற்ற குடும்பங்களிடம்தான் முதலில் கேட்க வேண்டும் என்று ஒப்பந்தம் எழுதினால் அது நிற்குமா? அப்புறம், ஒருவர் படுத்த படுக்கையானால் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்தை எப்படிப் பங்கிடுவது? இதில்தான் எங்களுக்குள் இன்னும் பேச்சு முடியவில்லை.

இப்படிச் சேர்ந்து வாழ்கிறவர்கள், முயன்று கைவிட்டவர்கள் இருவருமே எழுதுங்கள். அழைத்தால் நேரில் வந்து பார்க்கவும் தயார். முன்பணம் கொடுக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.