ஜூமில் நடந்த கல்யாணம், ஸ்பான்சருக்குச் செல்லுமா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பிராம்ப்டனிலிருந்து

மனைவியைக் கனடாவுக்கு அழைத்துக்கொள்ளப் போடும் ஸ்பான்சர் பற்றித்தான் கேட்கிறேன். முதலில் என் கதை. 2021 மே மாதம் கோவையில் எனக்குக் கல்யாணம். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்து, பத்திரிகையும் அடித்தாகிவிட்டது. ஏப்ரல் 22 அன்று இந்தியாவிலிருந்து வரும் நேரடி விமானங்களைக் கனடா நிறுத்திவிட்டது. செப்டம்பர் கடைசி வரை அதே நிலைதான். போனால் எப்போது திரும்ப முடியும் என்று யாருக்கும் தெரியாது, வேலையும் போய்விடும்.

அப்போது அமெரிக்காவில் இருக்கும் நண்பன் யூட்டா கவுண்டியைப் பற்றிச் சொன்னான். யூட்டா மாநிலத்தில் உள்ள ஒரு மாவட்டம் அது. மணமக்கள் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும் இணையத்திலேயே லைசென்ஸ் வாங்கி ஜூமில் கல்யாணம் செய்துகொள்ளலாம், நடத்திவைப்பவர் அங்கே இருந்தால் போதும். நான் இங்கே வாடகை அறையில் வேட்டி சட்டையோடு, அவள் கோவையில் பட்டுப் புடவையோடு, சாட்சிக்கு இரண்டு பேர். பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தது. "ஏம்ப்பா, தாலி எங்கே?" என்று அம்மா கேட்டார். அதெல்லாம் வந்து கட்டிக்கொள்கிறேன் என்றேன். சான்றிதழ் முத்திரையோடு அழகாக வந்தது.

அந்தச் சான்றிதழை வைத்துத்தான் ஸ்பான்சர் விண்ணப்பம் போட்டேன். ஓர் ஏஜென்ட்டிடம் கேட்டபோது, "அமெரிக்க அரசு சர்டிபிகேட் சார், யார் கேள்வி கேட்கப் போறாங்க" என்றார். ஒன்பது மாதம் கழித்து நிராகரிப்புக் கடிதம் வந்தது. கல்யாணம் பொய் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. எங்கள் உறவையும் சந்தேகப்படவில்லை. சடங்கு நடந்த நேரத்தில் இருவரும் நேரில் இல்லை, ஆகவே இவர் உங்கள் மனைவியாகக் கருதப்பட மாட்டார், அவ்வளவுதான்.

பிறகுதான் ஒரு வக்கீலிடம் போனேன். (முதலிலேயே போயிருக்கலாம்.) அவர் சொன்னது: குடிவரவு ஒழுங்குமுறைகளின் 5ஆவது பிரிவில் 2015 ஜூன் 11 முதல் இது இருக்கிறது. ஒருவருக்குப் பதில் இன்னொருவர் நின்று நடந்தது, தொலைபேசியில் நடந்தது, ஃபேக்ஸில் நடந்தது, இணையத்தில் நடந்தது எதுவும் ஸ்பான்சருக்கு எடுபடாது. நடந்த இடத்துச் சட்டப்படி அது முழுக்கச் செல்லுபடியாகும் கல்யாணமாக இருந்தாலும் சரி. ராணுவப் பணி காரணமாக வர முடியாத கனடியப் படையினருக்கு மட்டும் விலக்கு. நான் ஐடி கம்பெனியில் இருக்கிறேன்.

மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்டேன். கருணை அடிப்படையில் வாதாட வேண்டுமென்றால் முதலில் அவள் 'குடும்ப வகுப்பு' என்பதற்குள் வர வேண்டும், மனைவி இல்லை என்று சொன்ன பிறகு அந்தக் கதவே மூடிவிடும் என்றார். மிச்சம் இருந்தது இரண்டு வழி. ஓராண்டு தொடர்ந்து ஒரே வீட்டில் வாழ்ந்து காட்டி, கல்யாணம் ஆகாத துணைவர் என்ற கணக்கில் விண்ணப்பிக்கலாம். கட்டிய மனைவியோடு! அல்லது, நேரில் போய் மறுபடி கல்யாணம் செய்துகொள்ளலாம்.

2023 தை மாதம் மருதமலையில் தாலி கட்டினேன். பதிவு செய்யப் போன சார்பதிவாளர் அலுவலகத்தில் யூட்டா சான்றிதழையும் எடுத்து வைத்தோம், மறைக்கவில்லை. அங்கிருந்த அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க ரெண்டு பேருக்குள்ளதானே, வேற ஆளோட இல்லையே" என்று சிரித்தார். இரண்டாவது விண்ணப்பத்தில் இரண்டு தேதிகளையும், முதல் நிராகரிப்பையும் விளக்கி ஒரு பக்கக் கடிதம் வைத்தோம். பதினோரு மாதத்தில் அவளுக்கு பிஆர் (நிரந்தர வதிவிடம்) கிடைத்தது.

மற்றவர்களுக்கு எப்படி நடந்தது?

ஸ்காபரோவிலிருந்து

எங்கட தம்பியின் கதையும் கிட்டத்தட்ட இதுதான், ஆனால் முடிவு வேறு. அவன் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு நிரந்தர வதிவிடம் எடுத்தவன். 2012இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, அப்படிப்பட்டவர் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போனால் வதிவிடமே பறிபோகலாம். எங்கள் மாமாமார் காலத்திலும் ஊருக்குத் திரும்பிப் போகப் பயம்தான். அதனால்தான் அந்த நாளில் எத்தனையோ யாழ்ப்பாணக் கலியாணங்கள் திருச்சியிலும் சென்னையிலும் நடந்தன. 2020 ஆவணியில் அதற்கும் வழியில்லை, விமானமே இல்லை.

பெரியவர்கள் நாள் தவறக்கூடாது என்று ஒரே பிடி. இணுவிலில் பெண் வீட்டில் மணவறை போட்டு, மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய டிவியை வைத்தார்கள். தோழியாக நின்ற எங்கள் ஒன்றுவிட்ட தங்கச்சிதான் தாலியைக் கட்டிவிட்டாள். ஐயர் டிவிக்கும் சேர்த்து அட்சதை போட்டார்.

நல்ல காலம், எழுத்து, அதாவது கலியாணப் பதிவு, நடக்கவில்லை. இரண்டு பேரும் முன்னால் இருந்து கையெழுத்து வைக்காமல் எழுத்து இல்லை என்று பதிவாளர் சொல்லிவிட்டார். அப்போது அந்த மனுசனை எல்லோரும் திட்டினோம். இப்போது யோசித்தால் அவர்தான் எங்களைக் காப்பாற்றியிருக்கிறார். 2022இல் தம்பிக்குக் குடியுரிமை கிடைத்தது. கனடாக் கடவுச்சீட்டோடு போய்க் கொழும்பில் எழுத்து எழுதி, கோயிலில் தன் கையாலேயே தாலி கட்டினான். அந்தத் திகதியைத்தான் விண்ணப்பத்தில் கலியாணத் திகதியாகப் போட்டோம். 2020இல் நடந்ததைக் குடும்பச் சடங்கு என்று தனியாக எழுதியிருந்தோம்.

நேர்முகத்தில் பெண்ணிடம் கேட்ட முதல் கேள்வியே பேஸ்புக் படத்தைப் பற்றித்தான். "2020இல் உங்கள் கழுத்தில் தாலி இருக்கிறது, மாப்பிள்ளை எங்கே?" அவள் பயப்படாமல், "டிவிக்குள்ள" என்று சொல்லியிருக்கிறாள். எழுதிக் கொடுத்ததும் சொன்னதும் ஒன்றாக இருந்ததால் தப்பித்தோம். மறைத்திருந்தால் பொய்த் தகவல் கொடுத்ததாக ஐந்து வருசத் தடை வந்திருக்கும்.

கீழக்கரையிலிருந்து, இப்போது மிசிசாகா

நிக்காஹ் செய்தவர்களுக்கு ஒரு வார்த்தை. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை துபாயில் இருந்துகொண்டு, ஊரில் ஒருவரை வக்கீலாக, அதாவது தனக்குப் பதில் நிற்கும் ஆளாக, நியமித்து நிக்காஹ் முடித்த கதைகள் பழைய தலைமுறையில் உண்டு. ஊருக்கும் ஜமாஅத்துக்கும் அது நிக்காஹ்தான். கனடாவுக்கு அது உதவாது என்பதை என் மச்சான் பணம் கட்டித் தெரிந்துகொண்டார்.

என் பிரச்சினை வேறு மாதிரி. நான் பள்ளிவாசலை ஒட்டிய மண்டபத்தில் கீழே இருந்தேன், மணப்பெண் மாடியில் பெண்கள் பகுதியில். வலியும் (பெண்ணின் பொறுப்பாளர்) இரண்டு சாட்சிகளும் மாடிக்குப் போய்ச் சம்மதம் கேட்டு வந்தார்கள். வழக்கமே அப்படித்தான். போட்டோக்களில் நிக்காஹ் நேரத்தில் பெண் இல்லவே இல்லை! விண்ணப்பம் போட்டு நான்கு மாதத்தில், சடங்கின்போது மனைவி எங்கே இருந்தார் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. ஜமாஅத்திடம் ஒரு கடிதம், மாடிப் படிக்கட்டு வரை தெரியும் வீடியோ, அன்று மாலை இருவரும் சேர்ந்து எடுத்த படங்கள் எல்லாம் அனுப்பினோம். ஏற்றுக்கொண்டார்கள். இனி நிக்காஹ் நடத்தப்போகும் தம்பிகள் போட்டோகிராபரை மாடிக்கும் ஒரு நடை அனுப்புங்கள்.

நியூஜெர்சியிலிருந்து

அமெரிக்கா இதில் கொஞ்சம் வேறு. இங்கே சட்டம், சடங்கில் இருவரும் நேரில் இல்லாவிட்டால் கணவன் மனைவி இல்லை என்று சொல்லிவிட்டு, 'தாம்பத்தியம் நடந்திருந்தால் ஒழிய' என்று ஒரு வாசல் விட்டு வைத்திருக்கிறது. அதுவும் சடங்குக்குப் பிறகு நடந்திருக்க வேண்டும். அதற்கு முன் ஐந்து வருடம் சேர்ந்து வாழ்ந்திருந்தாலும் கணக்கில் இல்லை.

நாங்களும் யூட்டாதான். சேர்ந்து இருந்துவிட்டு வந்த பிறகே மனுப் போட வேண்டும் என்றார் வக்கீல். ஊருக்குப் போய் மூன்று வாரம் இருந்தேன். போர்டிங் பாஸ், பாஸ்போர்ட் முத்திரை, ஊட்டியில் இருவர் பேரிலும் போட்ட ஹோட்டல் பில் எல்லாம் வைத்தோம். மும்பையில் நேர்முகத்தில் அவளிடம், "கல்யாணத்துக்குப் பிறகு எப்போது சந்தித்தீர்கள், எங்கே தங்கினீர்கள்" என்று மட்டும் கேட்டார்கள். அவள்தான் ஒரு வாரம் தூங்காமல் என்னென்னவோ கேட்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தாள்.

மதுரையிலிருந்து

நீதிமன்ற வேலையில் இருப்பவன் என்பதால் ஒன்று சொல்கிறேன். 2022 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தின் நம் மதுரைக் கிளை ஒரு தீர்ப்புக் கொடுத்தது. கன்னியாகுமரி மாவட்டத்துப் பெண், மாப்பிள்ளை அமெரிக்காவில். சிறப்புத் திருமணச் சட்டப்படி விண்ணப்பித்து, 30 நாள் காத்திருந்து, இருவரும் அலுவலகத்துக்கு நேரில் வந்தும் வேலை முடியவில்லை. மாப்பிள்ளை விடுமுறை முடிந்து திரும்பிவிட்டார். நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் காணொளி வழியாகவே திருமணத்தை நடத்திவைக்கச் சொன்னார்.

இந்தத் தீர்ப்பைக் காட்டினால் கனடாவில் ஒப்புக்கொள்வார்களா என்று என்னிடம் நான்கு பேராவது கேட்டுவிட்டார்கள். அது இந்தியாவில் கல்யாணம் செல்லும் என்பதற்கு ஆதாரம். கனடா கேட்பது அதை இல்லை. அன்றைக்கு நீ எங்கே நின்றாய் என்று கேட்கிறது.

லண்டனிலிருந்து

இங்கே, கல்யாணம் நடந்த ஊரில் அது செல்லுமென்றால், தனக்குப் பதில் ஆளை வைத்துச் செய்த கல்யாணத்தையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆனால் இருவரும் நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்று விசா விதியில் தனியாக இருக்கிறது. போனில் பார்த்து போனில் கட்டியவர்கள் கவனம்.

கனடாவின் மார்க்கம் நகரிலிருந்து

எல்லாம் படித்தேன், வயிற்றைக் கலக்குகிறது. எனக்கு அடுத்த மாதம் கல்யாணம், லீவு கிடைக்கவில்லை. மாமனார் வீட்டில் காணொளியில் முகூர்த்தத்தை முடித்துவிட்டு, ஸ்பான்சர் போட்டுப் பெண்ணை அழைத்துக்கொள் என்கிறார்கள். சடங்கு மட்டும் செய்துவிட்டுப் பதிவை அப்புறம் நேரில் வைத்துக்கொண்டால்?

பிராம்ப்டனிலிருந்து

ஸ்காபரோ அக்காவின் தம்பிக்கு நடந்தது போல நடக்கலாம். ஆனால் நம் ஊரில் இந்து முறைச் சடங்கே கல்யாணம்தான், பதிவு அதற்கு அத்தாட்சி மட்டும். அன்றைய தேதியைப் போட்டு யாராவது பதிவு செய்துவிட்டால் சிக்கல் உனக்குத்தான். நிச்சயதார்த்தத்தைக் காணொளியில் வை, மோதிரம் மாற்று, பிரச்சினையே இல்லை. தாலியை நீ போய்க் கட்டு. எனக்கு இந்த அவசரத்தால் போனது ஒன்றரை வருடம்.

மார்க்கத்திலிருந்து

மாமாவிடம் பேசிவிட்டேன். முதலில் கோபப்பட்டார், மண்டபக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டார் என்றார். கீழக்கரைக்காரர் எழுதியதைப் படித்துக் காட்டினேன். முகூர்த்தம் தைக்குப் போகிறது. டிக்கெட் போட்டாகிவிட்டது.