சோற்று மாவை ஊற்றிவிட்டுத் தோசைக்கல்லைத் திட்டுவதா?

அம்மணி_கோவை
வார்ப்பிரும்புத் தோசைக்கல் வாங்கலாம் என்று ஒரு விற்பனைத் தளத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒருவருடைய விமர்சனம், ஒற்றை நட்சத்திரம். "முதல் தோசையே ஒட்டிக்கொண்டது. காசு தண்டம். யாரும் வாங்காதீர்கள்." பிய்ந்து போன தோசையின் படம் வேறு. கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி: "ராத்திரி மிஞ்சின சோற்றோடு உளுந்து சேர்த்து அரைத்த மாவுதான், வீட்டில் எப்போதும் அப்படித்தான்." படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிசியே போடாத மாவை ஊற்றிவிட்டுக் கல்லின் பெயரைக் கெடுப்பது என்ன நியாயம்? இதைப் படித்து எத்தனை பேர் வாங்காமல் போயிருப்பார்கள்?

நெல்லை_மைந்தன்
அக்கா, அவர் எதை மறைத்தார்? ஊற்றினார், ஒட்டியது, எழுதினார். என்ன மாவு என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டார். இதைவிட நேர்மையாக எப்படி எழுதுவது? எங்கள் வீட்டிலும் மிஞ்சின சோறு மாவில் சேராத வாரம் கிடையாது. ஒரு தோசைகூட ஒட்டியதில்லை.

அம்மணி_கோவை
எவ்வளவு சேர்ப்பீர்கள் தம்பி? நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, அதோடு ஒரு கைப்பிடி சோறு. நானும் அப்படித்தான் அரைப்பேன், இட்லி மெத்தென்று வரும். இவர் அரிசியைத் தொடவே இல்லை. சோற்றில் இருக்கும் மாவுச்சத்து ஏற்கெனவே வெந்து குழைந்தது. அதைப் பழகாத கல்லில் ஊற்றினால் பிடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? அரிசி போட்டாரா, இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ஆவடி_எஞ்சினியர்
இவ்வளவு சண்டை எதற்கு? நான்ஸ்டிக் வாங்கினால் சோற்று மாவும் வரும், எதுவும் வரும்.

அம்மணி_கோவை
வெறும் கல்லை அடுப்பில் ஏற்றிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். 260 டிகிரியைத் தாண்டினால் அந்தப் பூச்சு சிதைய ஆரம்பிக்கும். இரும்புக்கல்லுக்கு அந்தப் பயம் இல்லை. நான் கேட்டது நான்ஸ்டிக்கைப் பற்றி அல்ல.

மிச்சம்_வைக்காதவள்
மிஞ்சின சோறு என்றால் சிலருக்கு ஏன் இவ்வளவு இளக்காரம்? அதில் பச்சை மிளகாய், சீரகம், உப்பு சேர்த்து அரைத்துப் பிழிந்து காய வைத்தால் வடாம். மிஞ்சின இட்லியை உதிர்த்தால் உப்புமா. புளித்த மாவில் வெங்காயம் தாளித்துக் கொட்டினால் பணியாரம். நேற்றைய சப்பாத்தியைப் பிய்த்துப் போட்டால் கொத்து. மாசக் கடைசியில் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். போன தடவை நான் மீந்த பொங்கலில் கட்லெட் செய்து படம் போட்டபோது இதே அம்மணி "பொங்கலுக்கு இப்படி ஒரு கதியா" என்று எழுதினார். நான் மறக்கவில்லை.

அம்மணி_கோவை
அந்தப் பொங்கலை இங்கே இழுக்காதீர்கள். சோற்றை நான் கேவலமாகப் பேசவே இல்லை. சிக்கனம் நல்லதுதான், ஆனால் சிக்கனத்தில் வந்த கோளாறைக் கல்லின் தலையில் கட்டக்கூடாது. வார்ப்பிரும்புக் கல் வாங்கினால் முதலில் கழுவி, ஈரம் போகச் சூடாக்கி, நல்லெண்ணெய் தடவி, அரை வெங்காயத்தால் தேய்த்து, மறுபடி எண்ணெய் பூசி, மறுபடி சூடாக்க வேண்டும். அந்த எண்ணெய் சூட்டில் இறுகி ஒரு படலமாக ஒட்டிக்கொண்டால்தான் தோசை எழும்பும். எங்கள் பாட்டி புதுக்கல்லை அரிசி களைந்த தண்ணீரில் ஊறப்போட்டு, அப்புறம்தான் எண்ணெய் காட்டுவார். அந்த விமர்சனத்தில் பழக்கினேன் என்று ஒரு வார்த்தை உண்டா? அரிசியும் இல்லை, பழக்கவும் இல்லை, நட்சத்திரம் மட்டும் ஒன்று!

நெல்லை_மைந்தன்
பெட்டியில் "ப்ரீ சீசன்டு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, அதைப் படித்தீர்களா? பழக்கியே அனுப்புகிறோம் என்று சொல்லிக் காசு வாங்கிவிட்டு, வாங்கினவர் வெங்காயம் தேய்க்க வேண்டுமாம். கம்பெனிக்காரனுக்கு இவ்வளவு வக்காலத்தா? உங்களுக்குக் கமிஷன் ஏதாவது வருகிறதா அக்கா?

அம்மணி_கோவை
கமிஷன் என்ற சொல்லை யோசித்துப் பேசுங்கள். என் காசில் வாங்கி, என் அடுப்பில் வைத்துப் பார்த்துத்தான் நான் எதையும் எழுதுவேன். முன்பு ஒரு மிக்ஸி வாங்கினேன். டப்பாவுக்குள் ஒரு அட்டை இருந்தது, ஐந்து நட்சத்திரம் போட்டு அதைப் படம் பிடித்து அனுப்பினால் பணம் தருவதாக. அந்த அட்டையையே படம் பிடித்து விமர்சனத்தில் போட்டேன். அது வெளியே வரவே இல்லை. ப்ரீ சீசன்டு என்றாலும் வீட்டில் ஒரு தடவை எண்ணெய் காட்டிவிட்டு ஊற்றுவதுதான் முறை. அதுவும் முழுக்கச் சோற்று மாவுக்கு!

பாத்திரக்கடை_ஈரோடு
நாங்கள் இரும்புப் பாத்திரம் விற்கிறவர்கள். கல்லைத் தண்ணீரில் ஊற வைத்துவிட்டுத் துருப்பிடித்தது என்று திருப்பி அனுப்புகிறார்கள். ஒற்றை நட்சத்திரம் ஒன்று மேலே நின்றுவிட்டால் எங்களுக்கு அந்த மாசமே போச்சு. அம்மணி அக்கா சொல்வதுதான் சரி.

மிச்சம்_வைக்காதவள்
வியாபாரி வந்து சரி என்கிறார். இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நுகர்வோர்_சங்கர்
விமர்சனம் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022 நவம்பரில் ஐஎஸ் 19000 என்ற தரநிலையே கொண்டுவந்தது. காசு கொடுத்து வாங்கின விமர்சனத்தைத் தளங்கள் வெளியிடக்கூடாது என்கிறது. ஆனால் வந்தபோது அதைத் தளங்களின் விருப்பத்துக்குத்தான் விட்டார்கள். அதனால்தான் அந்த மாதிரி அட்டைகள் வருகின்றன. நாம் பேச வேண்டியது அதைப் பற்றி.

அம்மணி_கோவை
அதைத் தனியாகப் பேசுவோம். அந்தத் தரநிலையில் சோற்று மாவைப் பற்றி ஏதாவது இருக்கிறதா? அரிசி போட்டாரா, இல்லையா?

லேப்_பரணி
நீங்கள் எல்லோரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். அந்தச் சோறு ராத்திரி முழுக்க வெளியே இருந்ததா, ஃபிரிட்ஜில் இருந்ததா? பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்தாலும் சாகாது. சோறு வெளியே கிடந்தால் அது பெருகி நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது.

நெல்லை_மைந்தன்
ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் தாத்தா கடைசி வரை பழைய சோறும் சின்ன வெங்காயமும் சாப்பிட்டு வயலுக்குப் போனவர்.

லேப்_பரணி
பழைய சோற்றில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க விடுகிறோம். லாக்டிக் அமிலம் ஏறும்போது பல கிருமிகளுக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது. சட்டியில் சும்மா மூடி வைத்த சோறு வேறு. இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். தாத்தாவைச் சொன்னால் வாதம் முடிந்துவிடாது.

நெல்லை_மைந்தன்
என் தாத்தாவைப் பற்றிப் பேச உங்களுக்கு உரிமை இல்லை.

அம்மணி_கோவை
தாத்தாவை விடுங்கள் தம்பி. முழுச் சோற்று மாவில் நீங்கள் தோசை சுட்டதுண்டா? அரிசியில் ஒரு கை சோறு போட்டதை எல்லாம் கணக்கில் சேர்க்க முடியாது.

நெல்லை_மைந்தன்
அதே கல்லை ஆர்டர் போட்டுவிட்டேன். வந்ததும் வெறும் சோறும் உளுந்தும் அரைத்து ஊற்றிப் படம் போடுகிறேன், பாருங்கள்.

அம்மணி_கோவை
பழக்காமல் ஊற்ற வேண்டும். எண்ணெய் காட்டிவிட்டு ஊற்றினால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊற்றுவதை வீடியோவாகப் போடுங்கள், படம் வேண்டாம்.

மிச்சம்_வைக்காதவள்
தோசை எழும்பினால் என் பொங்கல் கட்லெட்டுக்கும் சேர்த்து இங்கேயே மன்னிப்புக் கேட்க வேண்டும் அம்மணி.

அம்மணி_கோவை
எழும்பாது. பொங்கல் விஷயத்தில் சொன்னதைத் திரும்பச் சொல்லவும் எனக்குத் தயக்கம் இல்லை.