நோ-வோல்ட் காயில்: 'பிடிசுருள்' எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம். விவசாயிகளுக்கான ஸ்டார்ட்டர் கையேட்டுச் சொற்பட்டியல் பற்றி. மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் முனைகளைச் சேர்த்துப் பிடித்துவைக்கும் கம்பிச்சுருளான 'நோ-வோல்ட் காயிலு'க்குத் தமிழ்ப்பெயர் தேடுகிறோம். அதற்கு ஒருவர் எழுதியிருந்தது:

> 'மின்னழுத்தமின்மைச் சுருள்' என்றே வைத்துவிடலாம்.

இலக்கணப்படி குறையில்லை. ஆனால் அந்தச் சுருள் வேலை செய்வதே மின்னழுத்தம் இருக்கும்போதுதான். படிப்பவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார். நான் முன்மொழிவது 'பிடிசுருள்'. ஊறுகாய், சுடுநீர் போல வினைத்தொகை, ஆகவே நடுவில் 'ச்' வராது.

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் போர் மோட்டார் வைத்திருக்கும் யாருக்கும் ஸ்டார்ட்டர் பெட்டி புதிதல்ல. பச்சைப் பொத்தானை அமுக்கினால் காயிலில் மின்சாரம் பாய்கிறது. உள்ளே இருக்கும் இரும்பு காந்தமாகி, எதிரில் உள்ள இரும்பை 'டக்'கென்று இழுத்து, மூன்று பேஸ் முனைகளையும் சேர்க்கிறது. கையை எடுத்த பிறகும் பிடி விடுவதில்லை. கரண்ட் போனால் காந்தம் போய்விடும், ஸ்பிரிங் தள்ளி முனைகள் பிரிந்துவிடும். ஆட்டோ ஸ்விட்ச் மாட்டாதவரை, மறுபடி கரண்ட் வந்தாலும் ஆள் வந்து அமுக்காமல் மோட்டார் ஓடாது. பைப்பைக் கழற்றிக்கொண்டிருப்பவருக்கு இது உயிர்ப் பாதுகாப்பு.

1825இல் வில்லியம் ஸ்டர்ஜன் லாட வடிவ இரும்பில் கம்பி சுற்றிக் காட்டிய மின்காந்தத்தின் குணமும் இதுவே: மின்சாரம் உள்ளவரை பிடிக்கும், நின்றால் விட்டுவிடும். தேனிரும்பு போல எளிதில் காந்தம் இழக்கும் இரும்பு இதற்கு வேண்டும். கடின எஃகில் காந்தம் தங்கிவிடும்.

'காந்தச்சுருள்' போதாதா என்றும் ஒருவர் கேட்டிருந்தார். பழைய இரும்பு தூக்கும் கிரேன், மின்சார மணி, ரிலே, எம்ஆர்ஐ என எல்லாவற்றிலும் இருப்பது காந்தச்சுருள்தான். ஸ்டார்ட்டரில் உள்ளதைத் தனியே சுட்ட அது உதவாது.

'பிடி' என்றால் பழுதையும் எளிதாக விளக்கலாம். லைன் கடைசியில் இருக்கும் தோட்டங்களில் வோல்டேஜ் குறைந்தால் பிடி தளர்கிறது. இரும்பு முழுதாக ஒட்டாமல் இடைவெளி விழுகிறது. இடைவெளி இருந்தால் மாறுதிசை மின்னோட்டத்தைச் சுருளால் அவ்வளவாகத் தடுக்க முடியாது. மின்னோட்டம் கூடி, சூடேறி, காயில் எரிகிறது. 'வோல்டேஜே இல்லை, காயில் எப்படி எரியும்?' என்று கேட்கிறவர்களுக்குக் கையேடு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

அப்புறம், காந்த முகப்பில் பதித்திருக்கும் சிறிய செம்பு வளையத்துக்கும் பெயர் தேவை. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 100 முறை இழுவிசை சுழிக்கு (பூஜ்யத்துக்கு) இறங்கும். இந்த வளையம் முகப்பின் ஒரு பகுதியில் காந்தப்புலத்தைச் சற்றுத் தாமதப்படுத்துவதால், மொத்த விசை சுழியாவதில்லை. வளையம் உடைந்தால் பெட்டி 'கர்ர்' என்று இரையும். 'ஷேடிங் ரிங்' என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே பெயர்த்த 'நிழல் வளையம்' என்ற பரிந்துரை, வளையத்துக்கு என்ன வேலை என்பதைச் சொல்லவில்லை. 'அதிர்வடக்கு வளையம்' எப்படி? மாற்று இருந்தால் எழுதுங்கள், பிடிசுருளோடு சேர்த்தே பட்டியலில் ஏற்றிவிடலாம்.