புதுப்பிப்பு: டேங்க் நிறைந்தால் மட்டும் பெட்ரோல் ஒழுகியது – காரணம் கிடைத்துவிட்டது

உதவிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புதிதாகப் படிப்பவர்களுக்கு: ரங்கூனில் ஓடும் பழைய ஜப்பான் எஸ்யூவி, பெட்ரோல் வண்டி. டேங்கை நிரப்பினால் பின்சக்கரத்துக்கு முன்னால் சொட்டும். பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கினால் சொட்டுவது நின்றுவிடும்.

பலர், டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்பைச் சந்தேகப்பட்டீர்கள். "நிறைந்தால்தான் ஒழுகுதுன்னா கோளாறு மேலேதான், அடியில தேடாதீங்க தம்பி" என்று மோல்மீன் ஊர் அண்ணன் ஒருவர் எழுதியதுதான் பலித்தது. அவர் சொன்னபடியே டேங்கைச் சுற்றிக் கழுவி, காய்ந்ததும் முகப்பவுடர் தூவி, பிறகு பெட்ரோல் நிரப்பினோம். பவுடரில் ஈரக்கோடு பளிச்சென்று விழுந்தது. மூடியிலிருந்து டேங்குக்கு இறங்கும் ரப்பர் ஹோஸ், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புக்குப் பக்கத்தில் வெடித்திருந்தது. சும்மா பார்த்தால் ஒன்றும் தெரியாது. வளைத்தால்தான் வெடிப்பு வாய் திறக்கிறது.

எதிர்பாராதது ஒன்று. டேங்கை இறக்கிப் பார்த்தால், அதைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கு மேலே மழைக்காலச் சேறு அடைந்து, அங்கே டேங்கின் தகரம் துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிர்ந்தது. இன்னும் ஓட்டை விழவில்லை, அவ்வளவுதான். பட்டறையில் வெல்டிங் வைக்கலாம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. காலி டேங்கில் தங்கும் ஆவிதான் வெடிக்கும், தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். துருவில்லாத பழைய டேங்க் ஒன்று வாங்கி, பட்டைக்குப் புது ரப்பர் வைத்து மாட்டினோம்.

ஹோஸ் வாங்கும்போது பெட்ரோலுக்கென்றே உள்ளதைக் கேளுங்கள். தண்ணீர் ஹோஸ் பெட்ரோலில் ஊறி உப்பிவிடும். இப்போது கழுத்துவரை நிரப்பினாலும் சொட்டு இல்லை, வண்டிக்குள் வாடையும் போய்விட்டது.