புதுப்பிப்பு: பிளாக்பெர்ரி பின்னலில் குமிழ்கள் குலைந்த காரணம் தெரிந்துவிட்டது

ஊசிகளால் நூலைப் பின்னும் நிட்டிங்கில், பழம்போல் குமிழ்கள் எழும்பும் பிளாக்பெர்ரி பின்னலைப் பழகும்போது கண்ணிகளின் (ஊசியில் நிற்கும் நூல் வளையங்களின்) எண்ணிக்கை சரியாக இருந்தும் குமிழ்கள் உருவாகாமல் குலைந்துபோவதாகச் சென்ற பதிவில் எழுதியிருந்தேன். மூன்று முறை பிரித்துப் பின்னிய பிறகு காரணம் பிடிபட்டது.

நான்கு வரிசைகளில் முடியும் இந்தப் பின்னலில் 1ஆம், 3ஆம் வரிசைகள் முழுவதும் பர்ல் (நூலை முன்பக்கம் வைத்துப் பின்னும் கண்ணி). 2ஆம் வரிசையில் ஒரே கண்ணிக்குள் நிட் (நூலைப் பின்பக்கம் வைத்துப் பின்னும் கண்ணி), பர்ல், நிட் என மூன்று கண்ணிகளை எடுத்து, அடுத்த மூன்றை ஒன்றாகச் சேர்த்துப் பர்ல் செய்ய வேண்டும். 4ஆம் வரிசையில் இந்த முறை தலைகீழாக வரவேண்டும். நானோ அதையும் 2ஆம் வரிசையைப் போலவே தொடங்கியிருக்கிறேன். எப்படித் தொடங்கினாலும் நான்கு கண்ணிகள் நான்காகவே மீள்வதால், எண்ணிப் பார்த்துப் பிழையைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

இப்போது எண்ணுவதைவிடக் கண்ணியைப் பார்ப்பதையே நம்புகிறேன்: ஒரே அடியிலிருந்து விசிறிபோல் விரியும் மூன்றைக் கண்டால் சேர்க்கிறேன், மூன்று சுருக்குகளைத் தாங்கித் தடித்து நிற்கும் ஒற்றைக் கண்ணியைக் கண்டால் மூன்றாக்குகிறேன். மூன்றைச் சேர்க்கையில் ஊசி நுழைய மறுத்ததற்கு, முந்தைய பர்ல் வரிசையை நான் இறுக்கிப் பின்னியதே காரணம். அதைத் தளர்த்தியதும் சிக்கல் தீர்ந்தது. இரு ஓரங்களுக்கும் மொத்தம் இரண்டு சேர்த்து 26 கண்ணிகளில் பின்னிய மாதிரித்துண்டில் குமிழ்கள் இப்போது ஒன்றுவிட்டு ஒன்றாக, அழகாக எழும்பி நிற்கின்றன.